காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகள்: இனி என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது கேளாத அல்லது குறைவாகக் கேட்கும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்தான் இவற்றில் பெரும்பாலானவை. சிலவற்றைச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களே கேட்கிறார்கள். அவர்கள் வேலையும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறதே. பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிகள் வேண்டும் என்ற கட்சி நான். ஆனால் இப்போது நடக்கிற விதத்திலேயே அவை நடக்க வேண்டும் என்று கேட்டால் தலையாட்ட மாட்டேன்.

சிறப்புப் பள்ளிகளை எல்லாம் மூடப்போவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

மூடச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் இந்தத் தேர்வைக் கைவைக்காமல் விட்டிருக்கிறது.

வதந்தி கிளம்புவது 'உள்ளடக்கிய கல்வி' என்ற சொல்லிலிருந்து. எல்லாப் பிள்ளையும் ஊர்ப் பள்ளிக்கே போக வேண்டும் என்பது அரசின் போக்கு என்பதால், சிறப்புப் பள்ளிக்குக் காலம் முடிந்தது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது சத்தமில்லாத மெலிவு. ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடம் காலியாகவே கிடக்கும். முதல் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள். ரெண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு வரும் பெற்றோர் தயங்கித் திரும்பிப் போவார்கள். கடைசியில் "பிள்ளைகளே இல்லாத பள்ளி எதற்கு" என்று யாராவது ஒருவர் நியாயமாகவே கேட்பார். மூடும் உத்தரவுக்கு எதிராகப் போராடலாம், வழக்குப் போடலாம். இந்த மெலிவுக்கு எதிராக என்ன செய்வது என்பதுதான் கஷ்டம்.

பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்? காது கேளாமையே குறைந்துவிட்டதா?

காரணம் ஒன்றல்ல. பிறப்பு விகிதம் குறைந்ததால் எல்லாப் பள்ளிகளிலும் சேர்க்கை குறைகிறது, இங்கேயும் குறைகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தி, ஒலியைக் கேட்பு நரம்புக்கு அனுப்பும் கருவி) இலவசமாகவே வைக்கப்படுகிறது. வெளியே செய்தால் பல லட்சம் ஆகும் அறுவை சிகிச்சை அது. வைத்த பிள்ளைகளில் பலர் நேராக ஊர்ப் பள்ளிக்கோ தனியார் பள்ளிக்கோ போகிறார்கள். அப்புறம், சொல்லத் தயங்கும் ஒரு காரணம்: சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை தமிழ்வழி. தெருவுக்குள் இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து நிற்கும்போது, தன் பிள்ளை மட்டும் 'அந்த' ஸ்கூலுக்குப் போவதை எந்தக் குடும்பம் விரும்பும்?

எண்ணிக்கையோடு சேர்ந்து பிள்ளைகளும் மாறியிருக்கிறார்கள் என்பதை வெளியில் யாரும் கவனிப்பதில்லை. இருபது வருடம் முன்பு ஒரு சிறப்புப் பள்ளி வகுப்பில் எல்லா வகைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். இப்போது வருபவர்களில் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிகம். இம்பிளான்ட் வைத்தும் பலன் கிடைக்காதவர்கள், காது கேளாமையோடு பார்வைக் குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ சேர்ந்தவர்கள், ஊர்ப் பள்ளியில் ஐந்தாறு வருடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். ஆக, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வேலை கூடிவிட்டது. பணியிடக் கணக்கை இன்னும் தலையை எண்ணித்தான் போடுகிறார்கள்.

இந்தப் பள்ளிகள் எப்போது வந்தவை?

இந்தியாவில் முதல் பள்ளி 1880களில் பம்பாயில் தொடங்கியது. 1893இல் கல்கத்தாவில் ஒன்று வந்தது. அடுத்து பாளையங்கோட்டை: பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 1890களில் தொடங்கியது, இன்று அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. பிறகு சென்னை சாந்தோமில், மயிலாப்பூரில், அடையாறில் என்று வந்தன. பிறகு மாவட்டங்களில் அரசே பள்ளிகளை ஏற்படுத்தியது. அவை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ் நடக்கின்றன, பள்ளிக் கல்வித் துறையின் கீழ் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதும்போது தேவைப்படும்.

இம்பிளான்ட் வைத்தாயிற்று. இனி சிறப்புப் பள்ளி எதற்கு?

பல பிள்ளைகளுக்குத் தேவைப்படாமலே போகலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வயதுக்குள் கண்டுபிடித்து, சீக்கிரமே அறுவை முடித்து, வீட்டில் தினமும் பேச்சுப் பயிற்சி கொடுத்து, கருவியை ஒழுங்காகப் பராமரித்த குழந்தைகள் மற்றப் பிள்ளைகளோடு சரிசமமாகப் படிப்பதைப் பார்க்கலாம். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற இடங்கள் இம்பிளான்ட் வருவதற்கு முன்பே, வெறும் காது கேட்கும் கருவியை வைத்துக்கொண்டே, மிகச் சிறு வயதில் பயிற்சியைத் தொடங்கி இதைச் செய்துகாட்டின.

ஆனால் 'ஒரு வயதுக்குள் கண்டுபிடித்து' என்று தொடங்கிய அந்த வாக்கியத்தில் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் அளவு. நம் ஊரில் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு வயது தாண்டிவிடும். பெரா டெஸ்ட் (ஒலிக்கு நரம்பும் மூளையும் காட்டும் மறுமொழியை அளக்கும் செவிச் சோதனை) எடுக்கத் தேதி வாங்கி, மருத்துவக் குழு பார்த்து, கையெழுத்தாகி வரும்போது நான்கு, நாலரை. ஆறு வயதுக்குள் என்ற விதியை, ஆறு வயது வரை அவகாசம் இருக்கிறது என்று தயவுசெய்து படிக்காதீர்கள். மூளை மொழியை வாங்கிக்கொள்வதற்கான நல்ல காலம் அதற்குள் பெரும்பாலும் கழிந்திருக்கும்.

ஒரு விடுதியில் பத்து வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் அறுவைத் தழும்பு இருந்தது, கருவி இல்லை. எங்கே என்று கேட்டதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே பிராசசர், அதாவது காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி, அப்படியே இருந்தது. தலையில் ஒட்டும் காயிலுக்குப் போகும் கேபிள் மட்டும் அறுந்திருந்தது. வியர்வையில் முதலில் போவது அந்த கேபிள்தான். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அது போனதால், மாற்றும் செலவு அவன் அப்பாவின் பல நாள் கூலி. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தது அப்படியே நின்றுபோனது. இடையில் ஊர்ப் பள்ளியில் மூன்று வருடம். இங்கே வந்து சேர்ந்தபோது எட்டு வயது. பேச்சும் இல்லை, சைகையும் இல்லை. அவனுக்கு மொழி என்று ஒன்று கிடைத்ததே விடுதியில், பெரிய பையன்களிடமிருந்து.

இம்பிளான்ட் திட்டம் தோற்றது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுவைக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியாவது கேபிளுக்கும் பேட்டரிக்கும் மேப்பிங்குக்கும் (கருவியைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்வது), பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறேன். அதோடு, கருவி கழன்றால் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. குளிக்கும்போது, தூங்கும்போது, சார்ஜ் தீர்ந்தபோது எல்லாம் அப்படித்தான். சந்தடியான வகுப்பில் கருவி இருந்தும் பாதிதான் பிடிபடும்.

சைகை கற்றுக்கொண்டால் பேச்சு வராது என்று தெரபிஸ்ட் சொன்னாரே?

இந்தக் கருத்துக்கு நூற்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு ஒன்று கூடி, பள்ளிகளில் பேச்சு முறைதான் உயர்ந்தது, சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதன் பிறகு பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள், பிள்ளைகளின் கைகளைக் கட்டி வைத்த பள்ளிகளும் இருந்தன. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம் கழித்து!

சைகை, பேச்சைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து பிறந்த நாள் முதல் சைகையில் வளரும் குழந்தைகள், வாசிப்பில் பின்தங்காமல் இருப்பதைத்தான் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மொழி உறுதியாக இருந்தால் இரண்டாவதை அதன் மேல் கட்டலாம். சிக்கல் என்னவென்றால், காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. "பேச்சு வரும், காத்திருங்கள்" என்று சொல்லி நாலு வருடம் ஓடிவிட்டால், பேச்சு வந்தவர்களுக்குச் சரி. வராதவர்களுக்கு அந்த நாலு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? தெரபிஸ்டிடம் சண்டை போட வேண்டாம். பேச்சுப் பயிற்சியையும் விட வேண்டாம். கூடவே சைகையையும் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறானே, அது போதாதா?

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு' என்று சொல்லுங்கள். பிறகு 'மாடு'. உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா? 'படம்', 'மடம்' அதே கதைதான். ககரமும் ஙகரமும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும், உதட்டுக்கு வருவதே இல்லை. உதடு பார்க்கும் பிள்ளை பாதியைப் பார்க்கிறது, மீதியை ஊகிக்கிறது. ஊகிக்க ஏற்கெனவே மொழி தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை வீட்டில் புரிந்துகொள்வது உங்களையும் உங்கள் வழக்கமான நாற்பது ஐம்பது வாக்கியங்களையும்தான். அறிவியல் வாத்தியார் ஒளிச்சேர்க்கையைக் கரும்பலகை பக்கம் திரும்பி நடத்தும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்தால் என்ன?

பிள்ளையைப் பொறுத்தது. மிதமாகக் கேட்கும், சிறு வயதிலேயே கருவி போட்ட, நன்றாகப் பேசும் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிதான் முதல் தேர்வு. வீட்டில் தங்கி, தம்பி தங்கைகளோடு சண்டை போட்டு, தெருப் பிள்ளைகளோடு விளையாடி வளர்வதற்கு ஈடாக எந்த விடுதியும் ஆகாது.

பார்க்க வேண்டியது, பள்ளி அந்தப் பிள்ளைக்காக எதையாவது மாற்றிக்கொள்கிறதா என்பதை. நாற்பது பேர், மேலே மின்விசிறி, வெளியே ரோட்டுச் சத்தம் என்ற வகுப்பில் காது கேட்கும் கருவி எல்லாச் சத்தத்தையும்தான் கூட்டிக் கொடுக்கும். முன்வரிசை இடம் வேண்டும், ஆனால் ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, முகம் நிழலாகிவிடும். ஆசிரியரின் குரலை நேரே கருவிக்கு அனுப்பும் எஃப்எம் மைக் கிடைத்தால் பெரிய உதவி. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருவார். ஒருவருக்குப் பல பள்ளிகள், பல வகைக் குறைபாடுகள். ஆகவே உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரமாக இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் எனச் சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்றை மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள். பாடத்தைச் சமாளிக்கும் பிள்ளைகள்கூட அந்த நாற்பது நிமிடத்தில் சுவரோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சிரிக்கும்போது இவனும் சிரிப்பான், எதற்கென்று தெரியாது. சிறப்புப் பள்ளி மைதானத்தில் அதே வயதுப் பையன் கைகளை வீசி வீசிக் கிரிக்கெட் அம்பயரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான்.

சிறப்புப் பள்ளியில் பத்தாவது முடித்த பையனுக்கு ஒரு லீவ் லெட்டர்கூட எழுத வரவில்லையே?

வலிக்கும் கேள்வி, ஆனால் உண்மை. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைக்கும் பள்ளிகளிலும் இது நடக்கிறது. வினா விடையை மனப்பாடம் செய்து எழுதினால் தேர்ச்சி வரும், மொழி வராது.

தமிழைக் காதால் கேட்காமல் கற்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'முருகனைக் கண்ணன் அடித்தான்' என்பதில் யார் அடித்தது, யார் அடிபட்டது என்பதைச் சொல்வது அந்த 'ஐ' மட்டும்தான். பேச்சில் அது வந்த வேகத்தில் போய்விடும், உதட்டிலும் பிடிபடாது. காது கேட்கும் குழந்தை அந்த உருபுகளை மூன்று வயதுக்குள் ஆயிரக்கணக்கான தடவை கேட்டுவிடுகிறது. இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் எழுத்தில் காட்டி, சைகையில் விளக்கி, படத்தோடு பொருத்தி, மறுபடி எழுத வைத்துத்தான் கொண்டுவர முடியும். அதனால்தான் அவர்கள் எழுத்தில் 'நான் கடை போனேன் பேனா வாங்கு' என்று உருபும் காலமும் உதிர்ந்து நிற்கிறது. அறிவுக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்; அதே பையன் சைகையில் நேற்று நடந்ததை நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைப்பான்.

பள்ளிகளின் தவறும் இதில் உண்டு. பட்டயமும் பட்டமும் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவும் செய்த ஆசிரியர்களில் பலருக்குச் சரளமான சைகை தெரியாது. கரும்பலகையில் எழுதுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பாடம் புரியாத பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சைகையில் விளக்கும். அந்தப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சில சமயம் தோன்றும்.

இந்திய சைகை மொழி டெல்லியில் உருவாக்கியதுதானே? நம் ஊர்ச் சைகை வேறல்லவா?

டெல்லியில் யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. நாடெங்கும் காது கேளாதோர் புழங்கும் மொழி அது. இலக்கணம் பெருமளவு ஒன்றுதான், சொற்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் செய்வது தொகுப்பு வேலை. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் காணொளி அகராதி 2021இல் 10,000 ஆனது. பாடநூல்களைச் சைகையில் தர, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டியோடு 2020இல் ஒப்பந்தம் போட்டது. தேசிய கல்விக் கொள்கை சைகை மொழியைத் தரப்படுத்துவதைப் பேசிவிட்டு, வட்டாரச் சைகைகளை மதிக்கவும் சொல்கிறது.

இதில் என் கவலை, சமச்சீர்ப் பாடநூலில் படிக்கும் பிள்ளைக்கு என்சிஇஆர்டி காணொளி எவ்வளவு உதவும் என்பது. தமிழ்ப் பாடத்துக்கும் தமிழக வரலாற்றுக்கும் நம் மாநிலமே, நம் ஊர்க் காது கேளாதவர்களை வைத்துக் காணொளி எடுத்தாக வேண்டும்.

வெளிநாடுகளில் இந்தப் பள்ளிகளை மூடிவிட்டார்களாமே?

பல இடங்களில் ஆம். அமெரிக்காவில் 1975இல் எல்லாக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் தரும் சட்டம் வந்த பிறகு சிறப்புப் பள்ளிகளின் சேர்க்கை சரிந்தது. நெப்ராஸ்கா மாநிலப் பள்ளி 1998இல் மூடப்பட்டது. மற்ற மாநிலங்களில் பல இன்னும் நடக்கின்றன.

நான் கவனிக்கச் சொல்வது நார்வேயை. அங்கே 1990களிலேயே பள்ளியில் சைகை மொழியை முதல் மொழியாகக் கற்கும் உரிமை வந்துவிட்டது. பிள்ளைகள் ஊர்ப் பள்ளிகளுக்குப் போகப் போக, அரசு நடத்திய முழுநேரப் பள்ளிகள் குறைந்தன. ஆனால் ஊர்ப் பள்ளியில் படிக்கும் காது கேளாத பிள்ளைகள் வருடத்தில் சில வாரங்கள் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் உள்ள பள்ளிக்கு வந்து, தங்களைப் போன்றவர்களோடு தங்கி, சைகையில் படித்துவிட்டுப் போகும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1825இல் தொடங்கிய பழைய பள்ளி அது. சிறப்புப் பள்ளிக் கட்டடத்துக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

ஹாங்காங்கில் 2006 முதல் வேறு ஒரு முறை. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு காது கேளாத பிள்ளை என்று சிதறவிடாமல், சாதாரணப் பள்ளி வகுப்பில் ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்கார வைத்து, காது கேட்கும் ஆசிரியரோடு காது கேளாத ஆசிரியரும் சேர்ந்து பாடம் எடுக்கிறார்கள். கூடப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சைகை வந்துவிடுகிறது. இது நம் ஊருக்கும் ஒத்துவரும் என்பது என் கருத்து. ஒரு வட்டத்தில் எட்டுப் பள்ளிகளில் எட்டுப் பிள்ளைகள் தனித்தனியே உட்கார்ந்திருப்பதைவிட, ஒரே பள்ளியில் எட்டுப் பேரும் இருந்தால் பயிற்றுநர் தினமும் அங்கேயே இருக்கலாம்.

நிகரகுவா நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசிவரை அங்கே காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்தனியே இருந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் பள்ளி திறந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதடு பார்க்கவும் ஸ்பானிஷ் எழுத்துகளை விரலில் காட்டவும் கற்றுக்கொடுத்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகளே ஒரு சைகை மொழியை உண்டாக்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் அதற்கு முழு இலக்கணம் வந்துவிட்டது. மொழியியலாளர்கள் இன்றும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்ப்பதால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஐந்து வயதில் விடுதியில் விட மனசு வரவில்லையே?

விடாதீர்கள். ஆறு வயது வரைக்குமாவது வீட்டிலிருந்தே போய்வரும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையத்தைத் தேடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். தினமும் போய்வரும் தூரத்தில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு விடுதிதான் வழி. அப்படிச் சேர்த்தால் இரவில் பொறுப்பில் இருப்பவருக்குச் சைகை தெரியுமா என்று கேளுங்கள். நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைக்கு, ராத்திரி வயிற்றுவலி என்றாலும் வேறு தொந்தரவு என்றாலும், புரிந்துகொள்ளும் ஒரு பெரியவர் வேண்டும். நீங்களும் சைகை கற்றுக்கொள்ளுங்கள். லீவுக்கு வந்த பிள்ளை வீட்டில் விருந்தாளி மாதிரி மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அதோடு பேச யாரும் இல்லாததுதான்.

பேச்சை எழுத்தாக மாற்றும் செயலிகள் வந்துவிட்டனவே, இனி பள்ளி எதற்கு?

படிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல உதவி. கல்லூரி மாணவர் வகுப்பில் போனைத் திறந்து வைத்து விரிவுரையைத் தமிழில் படித்துக்கொள்கிறார். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்?

பள்ளிக்குப் பிறகு?

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் காது கேளாத மாணவர்கள் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு பெறலாம், கூடுதல் நேரமும் உண்டு. பல பள்ளிகள் ஆறாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தூக்கிவிடுகின்றன. தேர்வுக்கு விலக்கு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஆங்கிலம் படிப்பதையே நிறுத்தினால், கல்லூரியில் கணினி படிக்கப்போன அன்றே முட்டுக்கட்டை வந்துவிடும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. அடையாறில் செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். அதில் ஒரு சதவீதம் காது கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும் தனியாக. 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் இருந்தால்தான் இதெல்லாம். சின்ன வயதிலேயே எடுத்து வையுங்கள்.

சரி, இந்தப் பள்ளிகள் எப்படி மாற வேண்டும் என்கிறீர்கள்?

ஒன்றே ஒன்றைத்தான் முதலில் கேட்பேன்: காது கேளாத ஆசிரியர்கள். சைகை மொழியைக் கற்பிப்பதற்கென்றே காது கேளாதோருக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களை மழலையர் வகுப்பிலேயே வேலைக்கு வைக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை தன்னைப் போல ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் முழு மொழியில் கதை சொல்ல வேண்டும். அதன் மேல் தமிழை எழுத்தாகவும், முடிந்த பிள்ளைக்குப் பேச்சாகவும் ஏற்ற வேண்டும்.

அடுத்து, பள்ளி தன் மதிலுக்கு வெளியே போக வேண்டும். மாவட்டத்தில் எந்த ஊர்ப் பள்ளியில் காது கேளாத பிள்ளை இருந்தாலும் அது இந்தப் பள்ளிக்கும் சொந்தப் பிள்ளை என்று ஆக வேண்டும். சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் இங்கே வரட்டும். பிள்ளைகள் விளையாடட்டும், பெற்றோர் சைகை கற்கட்டும், அறுந்த கேபிளை மாற்ற ஒரு அறை இருக்கட்டும். காலிப் பணியிடம், காலி வகுப்பறை இரண்டையும் இதற்குப் பயன்படுத்தலாம். இதற்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். புதுக் கட்டடம் கட்டுவதைவிட அதுதான் கஷ்டம்.

சேர்க்கும் முன் பள்ளியில் எதைப் பார்க்க வேண்டும்?

தலைமையாசிரியர் அறையில் ரிசல்ட் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அதன் ஆசிரியரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்; பதில் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்கிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகளின் சொந்த வாக்கியங்கள் உள்ள நோட்டைக் கேளுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில் இருந்தால் அது கரும்பலகை. காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரின் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். செத்த பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை என்பது அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

எங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளியை வேறு ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்போவதாகக் கேள்விப்படுகிறோம். என்ன செய்யலாம்?

வாய்ப்பேச்சை வைத்து எதுவும் செய்ய முடியாது, எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் பத்துப் பேராவது சேர்ந்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் நிர்வாகத்துக்கும். மனுவில் 31ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். இணைத்தால் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தும் என்று பெயர்வாரியாக எழுதுங்கள். பொதுவாக 'எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம்' என்று எழுதிய மனு அலமாரிக்குப் போகும், பெயரும் தூரமும் உள்ள மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும். பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளியில் படித்து முடித்துப்போன பழைய மாணவர்களையும் கூப்பிடுங்கள். மனு கொடுக்கப் போகும்போது அவர்கள் முன்னால் நிற்கட்டும், நீங்கள் மொழிபெயருங்கள்.